கடைப் பலகையும் நகரச் சட்டமும்

1750-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஜான் நியூபெரி என்னும் புத்தக வணிகருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத விரும்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறுவர்க்கென்றே அழகிய நூல்களை அச்சிட்டு விற்றவர் அவர். மடலின்மேல் அவருடைய முகவரியை எவ்வாறு எழுதுவீர்கள்? தெருவுக்குப் பெயர் உண்டு. வீட்டுக்கு எண் இல்லை. புனித பவுல் பேராலய முற்றத்தில், விவிலியமும் கதிரவனும் தொங்கும் இடத்தில் என்றுதான் எழுத வேண்டும். கடிதம் கொண்டு செல்பவன் அம்முற்றத்திற்குப் போய், அண்ணாந்து பார்த்து, ஒரு நூலும் ஒரு ஞாயிறும் தீட்டப்பெற்ற பலகை எந்த வாயிலின்மேல் ஆடுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பான்.

மாணவ நண்பர்களே, இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தப் பலகைகளின் வரலாறு. அவற்றைத் தொங்கவிடுமாறு கட்டளையிட்டதும் சட்டமே. அவற்றை இறக்குமாறு கட்டளையிட்டதும் சட்டமே. இவ்விரு கட்டளைகளுக்கும் இடையே ஏறத்தாழ 370 ஆண்டுகள் கழிந்தன. மன்னர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் படித்துப் பழகிய நமக்கு, ஒரு நகரத்தார் தம் தெருவின் தலைக்கு மேலுள்ள இடத்தை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டனர் என்பது சிறுசெய்தியாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே தெருவில் நடக்கும்போது, அத்தெரு யாருடைய கண்ணுக்காக அமைக்கப்பட வேண்டும் என்னும் வினா இந்தச் சிறுசெய்திக்குள் அடங்கியிருக்கிறது.

எந்த நாட்டுக் கடைத்தெருவிலும் எழுத்துக்கு முன்னே அடையாளம் வந்தது. நம் பழந்தமிழ் நகரங்களை எண்ணிப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின்முன் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. மதுரைப் பொன்வணிகர் வீதியில், நால்வகைப் பொன்னில் எவ்வகை எங்கே விற்கப்படுகிறது என்று வாங்குவோர் மயங்காதிருக்கும் பொருட்டுக் கொடிகள் உயர்த்தப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் காண்கிறோம். உரோமானியர் காலத்து மேனாடுகளில் மதுக்கடையின் அடையாளம் ஒரு தழைக்கொத்து. பின்னாளில் இங்கிலாந்திலும் அத்தழைக்கொத்தே நீண்ட கழியொன்றின் நுனியில் கட்டப்பெற்று வாயிலின்மேல் நீட்டப்பட்டது.

இலண்டன் நகரத்துச் சட்டம் முதலில் கண்வைத்த பலகைகளுள் இந்த மதுக்கடைக் கழியும் ஒன்று. அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஆங்கில மக்கள் நாள்தோறும் பருகியது வாற்கோதுமையிலிருந்து வடித்த ‘ஏல்’ என்னும் மது. அதனைப் பெரும்பாலும் இல்லத்துப் பெண்டிரே வடித்து, அக்கம்பக்கத்தார்க்கு விற்றனர். சில நாட்களுக்குமேல் அது கெடாமல் நில்லாது. நீர் கலந்து விற்போரும், அளவிற் குறைத்து விற்போரும் அன்றும் இருந்தனர். ஆகவே ஒவ்வொரு முறை வடித்ததும், சுவைத்துச் சோதிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட அலுவலர் வந்து பார்த்து, தரத்தையும் விலையையும் உறுதிசெய்ய வேண்டும். அவர் எந்த வீட்டுக்கு வருவது? கழி நீட்டியிருக்கும் வீட்டுக்கு வருவார். இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் ஆட்சியில், 1393-ஆம் ஆண்டில், விற்பனைக்காக ஏல் வடிப்பவர் அடையாளம் தொங்கவிடாவிடின் அந்த மதுவை இழப்பர் என்ற விதி ஏற்பட்டது. அந்நாளில் கடையின் அடையாளம் வணிகனின் உரிமையாக இருந்ததைக் காட்டிலும் அவன் கடமையாகவே இருந்தது. ‘இங்கே நான் விற்கிறேன், வந்து சோதித்துக்கொள்க’ என்று ஊராட்சிக்கு அவன் கூறும் சொல் அது. அம்மன்னனின் சொந்தச் சின்னம் ஒரு வெண்மான். இங்கிலாந்தில் ‘வெண்மான்’ என்னும் பெயருடைய விடுதிகள் இன்றும் பல ஊர்களில் உள்ளன.

ஆனால் இதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1375-இல், மாநகரத் தலைவர்முன் வேறொரு முறையீடு வந்திருந்தது. மதுக்கடைக் கழிகள் அரசபாட்டையின்மேல் அளவுமீறி நீண்டு, குதிரையில் வருவோரின் தலையில் இடிக்கின்றன. அவற்றின் கனத்தால் வீடுகளும் பழுதாகின்றன என்பதே முறையீடு. கழி 7 அடிக்குமேல் நீளலாகாது என்றும், நீண்டால் ஒவ்வொரு முறையும் 40 பென்சு தண்டம் என்றும் நகரத்தார் வரையறுத்தனர். ஒரே தலைமுறைக்குள் ‘தொங்கவிடு’ என்று ஒரு குரலும், ‘அளவோடு தொங்கவிடு’ என்று மற்றொரு குரலும் எழுந்துவிட்டன. பலகையைப் பற்றிப் பிற்காலத்தில் உலக நகரங்கள் இயற்றிய விதிகள் பெரும்பாலும் இவ்விரண்டு குரல்களின் எதிரொலிகளே.

காலம் செல்லச் செல்ல மற்ற வணிகரும் மதுக்கடைக்காரரைப் பின்பற்றினர். மருந்து விற்பவன் உரலையும் குழவியையும் தொங்கவிட்டான். பலசரக்குக் கடையில் கூம்பு வடிவான சருக்கரைக் கட்டிகள் மூன்று தொங்கின. கம்பளி விற்பவன் பொன்னிற ஆட்டுத்தோலை மாட்டினான். பழம் விற்பவன் ஆதாமையும் ஏவாளையும் வரைவித்தான். பூட்டுச் செய்பவனுக்குச் சாவி, தொப்பி தைப்பவனுக்குத் தொப்பி. புகையிலை வணிகர் சிலர் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் உருவத்தைத் தொங்கவிட்டனர். வர்ஜீனியாத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்து அப்புகையிலையை விளைவித்த மக்களின் உருவம் அது. விற்பவனும் வாங்குபவனும் அதனை ஓர் அலங்காரமென்றே கருதிவந்தனர் என்பதை நினைக்கும்போது, படங்கள் சொல்லாமற் சொல்லும் செய்திகள் எத்தனை என்று வியப்புண்டாகிறது.

ஒரே தொழிலைச் செய்வோர் ஒரே தெருவில் பலராயினர். எல்லாரும் ஒரே படத்தைத் தொங்கவிட்டால் குழப்பம் அன்றோ? ஆதலால் சிங்கம், கரடி, பறவை, நாகம், அரசர் தலை எனக் கண்டதெல்லாம் பலகையேறின. சிங்கம் ஒன்றே சிவப்பு, நீலம், பொன் எனப் பல நிறம் பெற்றது. முதலாளியிடம் தொழில் கற்றுப் பிரிந்து தனிக்கடை வைத்த இளைஞன், தன் அடையாளத்தோடு பழைய முதலாளியின் அடையாளத்தையும் சேர்த்துக்கொண்டான். நரிக்குப் பக்கத்தில் ஏழு விண்மீன்களும், நாய்க்குப் பக்கத்தில் இரும்புச் சல்லடை அடுப்பும் வந்து அமர்ந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று ஜோசப் அடிசன் என்ற புகழ்பெற்ற கட்டுரையாசிரியர் 1711-இல் கருதினார். தெருப்பலகைகளை மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரி வேண்டும் என்று நகைச்சுவையாக ஒரு விண்ணப்பமே அவர் தம் இதழில் வெளியிட்டார். செருப்புத் தைப்பவன் கடையில் பொரித்த பன்றியும், சமையற்காரன் கடையில் காலணியும் தொங்கலாமோ என்பது அவ்விண்ணப்பத்தின் வினா. நகைத்துப் படித்தனர், மறந்தனர்.

முதலாம் சார்லஸ் மன்னன், நகரத்தார் தம் இல்லங்களையும் கடைகளையும் பிறர் எளிதிற் கண்டறியும் பொருட்டு அடையாளங்களைத் தொங்கவிடலாம் என்று பட்டயம் வழங்கியிருந்தான். அந்த உரிமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அறிய, குறுகிய தெரு ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பத்து வணிகர் வரிசையாக இருக்கின்றனர். முதல் வணிகனின் பலகை சுவரிலிருந்து மூன்றடி நீண்டிருக்கிறது. அடுத்தவன் நான்கடி நீட்டுகிறான். முதல்வனுடைய பலகை மறைந்துவிடுகிறது. முதல்வன் வாளாவிருப்பானா? ஐந்தடி நீட்டுகிறான். பலகை பெரிதாகிறது, அதைத் தாங்கும் இரும்பு பருக்கிறது, பொன்முலாம் ஏறுகிறது. முடிவில் பத்துப் பலகைகளும் ஒன்றையொன்று மறைக்க, தெருவில் நிற்பவன் கண்ணுக்கு எதுவும் தனியே தெரிவதில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவன் செய்ததும் அறிவுடைய செயல். ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் நட்டம். தானாக முன்வந்து தன் பலகையைச் சுருக்குபவன் வாணிகத்தை இழப்பான். எல்லாரையும் ஒரே நாளில் சுருக்கச் செய்யும் ஆற்றல் தெருவுக்குப் பொதுவான ஓர் அமைப்புக்கே உண்டு. நகராட்சி என்பது எதற்கு என்று கேட்கும் என் மாணவர்களுக்கு நான் இந்தப் பத்துக் கடைகளைத்தான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

நாட்டுப்புறத்திலோ இடத்துக்குக் குறைவில்லை. நார்ஃபோக் மாவட்டத்தில் ஸ்கோல் என்னும் ஊரில், 1655-இல் கட்டப்பட்ட விடுதி ஒன்றின் அடையாளம் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒரு தோரணவாயிலைப் போல நின்றது. மரச்சிற்பங்கள் நிறைந்த அதற்கு ஆன செலவு 1,057 பவுன். அந்நாளில் அது பெருஞ்செல்வம். விளம்பரத்திற்குப் பணத்தை வாரி இறைப்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

1666 செப்டம்பரில் பெருந்தீ இலண்டனை விழுங்கிற்று. நகரத்தை மீண்டும் எழுப்புவதற்காக 1667-இல் இயற்றப்பட்ட சட்டம், தெருவுக்குக் குறுக்கே பலகைகள் தொங்கலாகாது; அவற்றை மேன்மாடத்திலோ வீட்டுச் சுவரிலோ படியப் பொருத்த வேண்டும் என்று வகுத்தது. நல்ல விதி. சிலர் அதற்கு இணங்கி, தம் அடையாளத்தைக் கல்லிலே செதுக்கிச் சுவரிற் பதித்தனர். அக்கற்களுட் சில இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. பெரும்பாலோர் இணங்கவில்லை. சில ஆண்டுகளில் பழைய காடு மீண்டும் தழைத்துவிட்டது. விதி ஏட்டில் இருந்தது. அதனை நாள்தோறும் நடந்து பார்த்து நிறைவேற்றும் ஆள் தெருவில் இல்லை.

காற்று வீசும் இரவில் ஆயிரக்கணக்கான பலகைகள் கீல்களில் ஆடிக் கிறீச்சிடும் ஓசையை எண்ணிப் பாருங்கள். மழை நின்ற பின்னும் அவற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பகலில் கதிரொளியையும் இரவில் விளக்கொளியையும் அவை மறைத்தன. இவற்றையெல்லாம் மக்கள் பொறுத்துக்கொண்டனர். 1718-ஆம் ஆண்டில், ஃபிளீட் தெருவில் பிரைடு சந்துக்கருகே ஒரு வீட்டின் பலகை, தன் கனத்தாலும் ஆட்டத்தாலும் செங்கற்களைத் தளர்த்தி, வீட்டின் முகப்பையே இழுத்துக்கொண்டு விழுந்தது. கீழே நடந்துகொண்டிருந்தவருள் நால்வருக்குக் குறையாமல் மாண்டனர். இளம்பெண்கள் இருவர், ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி, அரசருக்கு நகை செய்பவர் ஒருவர் என அக்காலக் குறிப்புகள் கூறும். செல்வரையும் எளியவரையும் அப்பலகை வேறுபடுத்திப் பார்க்கவில்லை. அன்று 1667-ஆம் ஆண்டின் விதி பிறந்து ஐம்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது நம் ஊரை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியின்றிச் சாலை நடுவே வைக்கப்பட்டிருந்த பதாகை ஒன்று, இருசக்கர வண்டியில் வந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர்மேல் சரிந்தது. நிலைகுலைந்து விழுந்த அவர்மேல் பின்னே வந்த தண்ணீர் லாரி ஏற, அவர் உயிரிழந்தார். அங்கும் விதி இல்லாமல் இல்லை. இரண்டு விபத்துகளுக்கும் இடையே முந்நூற்றோர் ஆண்டுகள்!

1718-க்குப் பின்னும் இலண்டன் நாற்பது ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தது. கடைசியில் பலகையை இறக்கியது பலகையைப் பற்றிய கவலை மட்டுமன்று. காலடியில் கிடந்த கல்லைப் பற்றிய கவலையும் ஆகும். அதுவரை ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வாயிலுக்கு முன்னுள்ள தெருப்பகுதியைத் தானே செப்பனிட வேண்டும் என்பது வழக்கம். ஒருவன் நல்ல கல் பதிப்பான். அடுத்தவன் செங்கல் துண்டைக் கொட்டுவான். மூன்றாமவன் ஒன்றும் செய்யான். தெரு ஒட்டுப்போட்ட துணியைப் போல மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. 1762-இல் நாடாளுமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கென ஒரு தளமிடும் சட்டத்தை இயற்றி, தெருவைச் செப்பனிடும் பொறுப்பை வீட்டுக்காரர் கையிலிருந்து எடுத்து, ஆணையாளர் குழுவொன்றிடம் ஒப்படைத்தது. ஸ்காட்லாந்திலிருந்து கருங்கற்கள் கப்பலில் வந்தன. நடப்போர்க்குத் தனிப்பாதை அமைந்தது. கழிவுநீர் தெரு நடுவே ஓடுவது நின்றது. அதே குழுவுக்குத் தலைக்குமேல் நீண்டிருந்த பலகைகளை அகற்றும் அதிகாரமும் கிடைத்தது. காலடியும் வானும் ஒரே நாளில் பொதுவுடைமையாயின என்று சொன்னால் மிகையாகாது. இம்முறை விதியை நிறைவேற்றக் குழு இருந்தது, பணம் இருந்தது, கூலியாட்கள் இருந்தனர். 1667-க்கும் 1762-க்கும் உள்ள வேறுபாடு இதுவே. அடுத்த எட்டு, பத்து ஆண்டுகளில் மாநகரத்தின் மற்றப் பகுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இம்முறையைப் பின்பற்றின. இங்கிலீசுக் கால்வாய்க்கு அப்பால், பாரிசு மாநகரில், காவல்துறைத் தலைவரான சார்த்தீன் 1761-இலேயே பலகைகளைச் சுவரோடு படியப் பொருத்துமாறு ஆணையிட்டிருந்தார். இரு நாடுகளும் அப்போது ஏழாண்டுப் போரில் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டிருந்தன. பலகை விஷயத்தில் மட்டும் ஒத்த கருத்தோடிருந்தன.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அதே 1762-ஆம் ஆண்டு ஏப்ரலில், பானல் தார்ன்டன் என்ற எழுத்தாளர் இலண்டன் பௌ தெருவில், கடைப்பலகை ஓவியர்களின் கண்காட்சி ஒன்றை நடத்தினார். உயர்குடியினர் நடத்திய ஓவியக் கண்காட்சிகளை நையாண்டி செய்வதே அதன் நோக்கம். அழிந்துபோகப் போகும் ஒரு கலைக்கு அது பிரிவுபசாரமாகவும் அமைந்துவிட்டது. ஷூ சந்தையடுத்த ஹார்ப் ஆலி என்னும் இடத்தில் ஆயத்தப் பலகைகள் அடுக்கடுக்காய் விற்கப்பட்டு வந்தன. மரம் இழைத்தவர், சட்டம் செதுக்கியவர், கொக்கி அடித்த கொல்லர், பொன்முலாம் பூசியவர் ஆகியோரின் பிழைப்பும் பலகைகளோடு இறங்கிற்று. வண்டிகளிலும் கடைப்பலகைகளிலும் படம் தீட்டிப் பெயர்பெற்ற சார்லஸ் காட்டன், 1768-இல் நிறுவப்பட்ட அரச கலைக்கழகத்தின் தொடக்கக்கால உறுப்பினருள் ஒருவரானார். எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

பலகை போயிற்று, இனி வீட்டை அறிவது எப்படி? இலக்கம் வந்தது. 1708-இலேயே இலண்டனில் பிரெஸ்காட் தெரு வீடுகள் எண்ணிடப்பட்டிருந்தன. அஃது ஒரு புதுமையாகக் குறிப்பிடப்பட்டது. 1760-களின் நடுவிலிருந்து கதவிலக்கம் தெருத்தெருவாகப் பரவிற்று. ஐரோப்பாவின் வேறு பகுதிகளில் இலக்கத்திற்கு வேறு நோக்கமும் இருந்தது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1770-இல் வியன்னா நகர வீடுகளுக்கு எண்ணிட ஆணையிட்டது, படைக்கு ஆள் சேர்ப்பதற்காக. முன்னே மதுவைச் சோதிக்க வருபவனுக்குக் கழி வழிகாட்டியது போல, இப்போது படையதிகாரிக்கு எண் வழிகாட்டியது. சென்னையில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என இரண்டையும் சுமந்து நிற்கும் கதவுகளைக் கண்டிருப்பீர்கள். எண் தானாக வீட்டில் முளைப்பதன்று. யாரோ ஒருவர் ஒரு காரணத்திற்காக இட்டது என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

சுவரோடு படிந்த பலகையில் படத்தின் இடத்தை எழுத்துப் பிடித்துக்கொண்டது. வணிகனின் பெயரும் தொழிலும் பொன்னெழுத்தில் மின்னின. நகரம் தூய்மையாயிற்று, ஒளி பெற்றது என்று வரலாற்று நூல்கள் பாராட்டும். நானும் பாராட்டுகிறேன். ஆனால் எழுத்தறியாதவன் என்ன செய்தான்?

இதற்குச் சான்று தேவாலயத் திருமணப் பதிவேடுகளில் கிடக்கிறது. 1754 முதல் இங்கிலாந்தில் மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். எழுதத் தெரியாதவர் ஒரு கீறலிட்டனர். அக்காலத்தில் ஆண்களுள் பத்துக்கு ஏறத்தாழ நால்வரும், பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோரும் கீறலிட்டவரே. இலண்டனில் எழுத்தறிந்தோர் தொகை நாட்டுப்புறத்தினும் மிகுதி என்பது உண்மை. ஆயினும் வேலை தேடி ஊரிலிருந்து வந்த பணிப்பெண், சுமை தூக்குபவன், துறைமுகக் கூலியாள் ஆகியோருக்கு அந்தத் தொங்குபலகைகளே எழுத்து. ‘சிவப்புச் சிங்கம் தாண்டி, மூன்று சருக்கரைக் கட்டிக்கு எதிரே’ என்று சொன்னால் அவள் தவறாமற் போய்ச் சேருவாள். எழுத்தறிந்தவனுக்குத் தெருவைத் திறந்துவிட்ட அதே சட்டம், அவளுக்கு அதன் ஒரு பக்கத்தை மூடியது. எண்களைப் படிக்கக் கற்பது எழுத்துகளைக் கற்பதைக் காட்டிலும் எளிது என்பதால் அந்தத் துன்பம் ஒருவாறு தணிந்திருக்கும். மதுவிடுதிகளும், அடகுக் கடைகளும், முடிதிருத்துவோரும் தம் பழைய அடையாளங்களை விடவில்லை என்பதையும் கருத வேண்டும். அடகுக் கடையின் மூன்று பொன்னுருண்டைகளையும், முடிதிருத்தகத்தின் சிவப்பு வெள்ளைக் கோலையும் மேனாட்டில் இன்றும் காணலாம். எளிய மக்கள் மிகுதியாக நாடிய கடைகளில் படம் நிலைத்தது என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

படத்தைப் படிக்கும் உரிமையை நம் நாடு மறக்கவில்லை. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவே. 1951–52-இல் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு படம் சின்னமாக வழங்கப்பட்டது. காளையையும் கதிர் அரிவாளையும் கண்டு கோடிக்கணக்கானோர் வாக்களித்தனர். இலண்டன் தெருவில் இறக்கப்பட்ட அந்த ஞானம் நம் வாக்குச்சாவடியில் ஏறி அமர்ந்தது.

பலகைகளை இறக்கியதோடு வணிகரின் போட்டி ஒழிந்துவிட்டதா? இல்லை, வேறு வழியிற் புகுந்தது. தலைக்குமேல் நீட்ட முடியாதவர் கடையின் கண்ணாடிச் சன்னலை வில்போல வளைத்துத் தெருவுக்குள் நீட்டினர். 1774-இல் கட்டடச் சட்டம் அதனையும் அளந்தது: அகன்ற தெருவில் 10 அங்குலம், குறுகிய தெருவில் 5 அங்குலம், அதற்குமேல் நீளலாகாது. நூறாண்டுகளுக்குப் பின் போட்டி கூரைக்கு ஏறிற்று. கட்டடங்களின் உச்சியில் சட்டங்கட்டி, வானத்தைப் பின்னணியாக வைத்து ஆளுயர எழுத்துகளை நிறுத்தினர். பெருங்காற்றில் அவை என்னாகும் என்று ஊரார் அஞ்சினர். 1889-இல் தோன்றிய இலண்டன் மாவட்ட மன்றத்தின் முயற்சியால், 1891-இல் வான்பலகைச் சட்டம் பிறந்து புதியன எழுவதைத் தடுத்தது. 1375-இல் ஏழடிக் கழியை அளந்த அதே அளவுகோல்தான். பிடித்த கைகள் மட்டும் வேறு.

அண்மைக் காலத்தில் இவ்வளவுகோலை மிகத் துணிவாகப் பிடித்த நகரம் பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ. ‘தூய நகரம்’ என்ற பெயரில் 2006-இல் அந்நகர மன்றம் இயற்றி, 2007 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், தெருவிலிருந்து தெரியும் விளம்பரத் தட்டிகளை அறவே விலக்கியது. கடைக்காரன் தன் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளலாம். அதுவும் முகப்பின் அகலத்துக்கு ஏற்ப. முகப்பு 10 மீட்டருக்குக் குறைந்தால் பலகை ஒன்றரைச் சதுர மீட்டர். அதற்குமேல் நூறு மீட்டர் வரை 4 சதுர மீட்டர். பெரிய தட்டிகள் இறங்கியபோது, அவற்றின் பின்னே மறைந்திருந்த பழைய கட்டடங்களின் அழகும், ஏழைகளின் குடிசைகளும் ஒருங்கே கண்ணிற் பட்டன. விளம்பரம் எதைக் காட்டுகிறது என்று கேட்டுவந்தவர்கள், எதை மறைத்தது என்றும் அன்று அறிந்தனர். தமிழ்நாட்டு விதிகளோ பலகையின் அளவோடு நில்லாமல் அதன் மொழியையும் நோக்குகின்றன. கடைப் பெயர்ப்பலகை தமிழில் அமைய வேண்டும். பிற மொழிகள் சேருமாயின் தமிழே முதலிடம் பெற வேண்டும் என்பது இங்குள்ள விதி. தெரு யாருடைய கண்ணுக்காக என்ற பழைய வினாவுக்கு இதுவும் ஒரு விடை.

இலண்டனுக்குத் திரும்பி முடிக்கிறேன். வங்கிகள் நிறைந்த லம்பார்டு தெருவில், 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னனின் முடிசூட்டு விழாவை ஒட்டி, பழைய பாணியில் சில அடையாளங்கள் மீண்டும் தொங்கவிடப்பட்டன. பிடில் வாசிக்கும் பூனை ஒன்று, நங்கூரம் ஒன்று, அரசரின் தலை ஒன்று. இவற்றோடு பொன்னிற வெட்டுக்கிளி ஒன்றும் உண்டு. அரச வாணிக மன்றத்தை நிறுவிய தாமஸ் கிரெஷாமின் குடும்பச் சின்னம் அவ்வெட்டுக்கிளி. அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் 1563 என்ற ஆண்டும் அதனோடு பொறிக்கப்பட்டுள்ளன. அது தொங்கும் வீட்டின் கதவிலக்கம் 68.